ஓட்டல் மெத்தையிலிருந்து நம் பெட்டிக்கு: மூட்டைப்பூச்சி எப்படிப் பயணம் போகிறது?

2023 செப்டம்பர் கடைசியில் பாரிஸிலிருந்து வரிசையாகச் சில வீடியோக்கள் வந்தன. மெட்ரோ இருக்கையில் ஏதோ ஊர்கிறது. ரயிலில் ஏதோ ஊர்கிறது. சினிமா தியேட்டர் சீட்டின் மடிப்பில் ஏதோ ஊர்கிறது. சில நாட்களிலேயே அது உலகச் செய்தியாகிவிட்டது. அடுத்த கோடையில் அங்கே ஒலிம்பிக் போட்டி வேறு நடக்க இருந்தது. நவம்பரில் அதே பதற்றம் தென் கொரியாவையும் பிடித்துக்கொண்டது. அரசு தனிப் பணிக்குழு அமைக்கும் அளவுக்குப் போனது. அதிலிருந்து விடுமுறைக்கு அறை பதிவு செய்கிறவர்களின் கவலைப் பட்டியலில் ஒன்று கூடிவிட்டது: அந்த மெத்தையில் மூட்டைப்பூச்சி இருந்தால் என்ன செய்வது?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகின்றன. "அதெல்லாம் அழுக்கு விடுதிகளில்தான் இருக்கும், நல்ல ஓட்டலாகப் பார்த்துப் போடுங்கள்" என்கிறார் ஒருவர். "ஒன்றைப் பார்த்தாலும் பெட்டியையே தூக்கி எறிந்துவிடுங்கள்" என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. அந்தப் பூச்சி எங்கே இருக்கும், எப்போது நகரும், எதில் ஏறும் என்று தெரிந்துகொண்டால் எதற்குக் கவலைப்படலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகவே விளங்கும்.

## பாரிஸில் எது நிஜம்?

மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1. பூச்சி நிஜம். பிரான்ஸின் தேசிய உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2017க்கும் 2022க்கும் இடையில் அந்நாட்டுக் குடும்பங்களில் 11 சதவீதம் வீட்டில் மூட்டைப்பூச்சித் தொல்லையைச் சந்தித்திருந்தன. இது வீடுகளைப் பற்றிய கணக்கு. ஓட்டல்களைப் பற்றியது அல்ல. ஐந்தாறு ஆண்டுகளில் சேர்ந்த எண்ணிக்கை. ஒரே மாதத்தில் முளைத்ததும் அல்ல.

2. ரயிலிலும் மெட்ரோவிலும் பூச்சி என்பது உறுதியாகவில்லை. அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் கிளெமான் போன் கொடுத்த கணக்கு: பாரிஸ் மெட்ரோ நிறுவனத்துக்கு வந்த புகார்கள் சுமார் 10, தேசிய ரயில் நிறுவனத்துக்கு வந்தவை 37, எல்லாம் சோதிக்கப்பட்டன, உறுதியானது பூஜ்யம்.

3. பயத்தை ஊதிப் பெருக்கியவர்களும் இருந்தார்கள். ரஷ்யாவோடு தொடர்புடைய சமூக ஊடகக் கணக்குகள் இந்த விவகாரத்தைச் செயற்கையாகப் பெரிதாக்கின என்று பிரெஞ்சு அமைச்சர் ழான்-நோயல் பரோ 2024 மார்ச்சில் சொன்னார்.

ஆக, பல வருடங்களாக மெல்லக் கூடிவந்த ஒரு தொல்லை, ஒரு வாரத்தில் வெடித்ததுபோலச் செய்தியானது. பாரிஸுக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே அதனால் பிசகிவிட்டது. மூட்டைப்பூச்சி எந்த ஊருக்கும் சொந்தமானது அல்ல. மனிதர் உறங்குகிற இடமெல்லாம் அதன் ஊர்தான்.

## பூச்சியைப் பற்றிக் கொஞ்சம்

மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு இனங்கள். மிதவெப்ப நாடுகளில் அதிகம் இருப்பது சிமெக்ஸ் லெக்டுலேரியஸ். வெப்ப நாடுகளில் அதிகம் இருப்பது சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ். பார்வைக்கு வித்தியாசம் சொல்வது கடினம். பழக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள்: முதல் இனத்தால் வழவழப்பான கண்ணாடி, பிளாஸ்டிக் மேல் ஏற முடியாது. வெப்ப நாட்டு இனத்துக்குக் கால் நுனியில் ஒட்டும் மயிர்கள் அதிகம். வழுக்கும் பரப்பிலும் அது ஓரளவு ஏறிவிடும்.

வளர்ந்த பூச்சி ஒரு ஆப்பிள் விதை அளவு, ஏறக்குறைய அதே செம்பழுப்பு நிறம். ஆனால் தாள்போலத் தட்டை. ரத்தம் குடித்த பிறகு உப்பி நீண்டு கருஞ்சிவப்பாகும். முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளை. ஏதாவது ஒரு இடுக்கில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கடுகைவிடச் சிறியது, வைக்கோல் நிறம், கிட்டத்தட்ட ஊடுருவித் தெரியும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் பெரிய பூச்சி ஆகிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கவும் ஒரு முறையாவது ரத்தம் வேண்டும்.

இறக்கை கிடையாது. தாவவும் தெரியாது. "பறந்து வந்து கடித்தது" என்று யாராவது சொன்னால் அது வேறு பூச்சி. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவும் உடல் சூடும் அதை இழுத்து வருகின்றன. ஐந்து, பத்து நிமிடம் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். அடுத்த சில நாட்களுக்கு அது வெளியே தலைகாட்டாது.

இதிலிருந்து நான்கு குணங்களைப் பிரித்தெடுக்கலாம். பின்னால் சொல்லப்போகும் எல்லா யோசனைகளுக்கும் வேர் இவைதான்.

1. ஒளிந்திருப்பதுதான் அதன் முழுநேர வேலை. உடலின் மேலும் கீழும் ஏதாவது உரசிக்கொண்டிருக்கும் இடுக்குதான் அதற்குப் பிடிக்கும். ஒரு ஏ.டி.எம். அட்டையைச் செருக முடிகிற சந்து போதும். அதுவும் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கப் பார்க்கும். சாப்பாடு என்றால் உறங்கும் நாம்தான். ஆகவே அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தேட வேண்டிய இடம் சின்னது: கட்டிலும் அதைச் சுற்றி ஓர் ஆள் நீளமும்.

2. கூட்டமாக இருக்கும், இருக்கும் இடத்திலேயே எச்சமிடும். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் க்ரீஸ், ரெகினே க்ரீஸ் தம்பதியின் குழு, மூட்டைப்பூச்சிகளை ஓரிடத்தில் தங்கவைப்பது அவற்றின் எச்சத்திலும் உதிர்ந்த தோலிலும் உள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் என்று கண்டறிந்தது. அந்த ஆய்வுக்காகப் பூச்சிகளுக்குத் தன் கையையே உணவாகக் கொடுத்தவர் ரெகினே. ஏறத்தாழ 1,80,000 கடிகள் வாங்கினார். அவர் பட்ட பாட்டில் பயணிக்கு ஒரு லாபம் உண்டு: எச்சத்தின் கரும்புள்ளி எங்கே திட்டாக இருக்கிறதோ அங்கேயே பூச்சியும் இருக்கும்.

3. பட்டினி தாங்கும். மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் இருக்கும். குளிரில் இன்னும் நீண்ட காலம். "இந்த அறையில் மூன்று வாரமாக யாரும் தங்கவில்லை" என்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல.

4. ஒரு பெண் பூச்சி போதும். சினைப்பட்ட ஒன்று வந்துவிட்டால், நாளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை முட்டையிடும். வாழ்நாளில் சில நூறு. கதகதப்பும் ரத்தமும் கிடைத்தால் முட்டை பொரித்து ஐந்தாறு வாரத்தில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தயாராகிவிடும். உடன்பிறந்தவற்றுக்குள் இணைசேர்வது பல உயிரினங்களை நலியவைக்கும். இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பேனோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். பேன் நம் மேல் வாழ்கிறது. மூட்டைப்பூச்சி நம் பக்கத்தில் வாழ்கிறது. அது நம் தலையில், உடலில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வருவது அரிது. வருவதெல்லாம் பெட்டியின் தையலில், பையின் மடிப்பில், கழற்றிப் போட்ட துணியில். பெயரிலேயே மூட்டை இருக்கிற பூச்சி மூட்டை முடிச்சோடு பயணம் போவதில் ஆச்சரியம் என்ன!

அதிலும் அழுக்குத் துணி. பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் துவைத்த துணிப் பைகளையும் உடுத்திக் கழற்றிய துணிப் பைகளையும் வைத்து, நடுவில் மூட்டைப்பூச்சிகளை விட்டார்கள். உடுத்திய துணியில் பூச்சி இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. ஆள் அறையில் இல்லாதபோது ஆளின் வாசனை உள்ள துணி ஆளுக்குப் பதிலாகிவிடுகிறது. பகலெல்லாம் ஊர் சுற்றக் கிளம்பும்போது நாற்காலியில் நாம் போட்டுவிட்டுப் போகிறோமே ஒரு சட்டை, அதைத்தான் சொல்கிறார்கள்.

## ஒழிந்துபோனது ஏன் திரும்பி வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. மருந்து பல பணக்கார நாடுகளில் மூட்டைப்பூச்சியைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிட்டது. ஒரு தலைமுறையே அதைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்தது. ஆனால் மருந்துக்குச் சாகாத பூச்சிகள் ஹவாயின் பேர்ல் ஹார்பர் படைக் குடியிருப்பில் 1947லேயே தென்பட்டன. 1990களின் பிற்பகுதியில் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று எல்லா இடத்திலும் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

விமானப் பயணம் பெருகியதும் பழைய மரச்சாமான்கள் கைமாறுவதும் ஒரு காரணம். இன்னொன்று, கரப்பானுக்கு அறை முழுதும் மருந்தடிக்கும் வழக்கம் போய், இரைப்பசை வைக்கும் வழக்கம் வந்தது. மூட்டைப்பூச்சி பசையைத் தொடாது, அதற்கு ரத்தம்தான் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எதிர்ப்புச் சக்தி. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துக்குப் பல இடங்களில் பூச்சி பழகிவிட்டது. அதன் நரம்பில் மருந்து பிடிக்க வேண்டிய இடம் மாறிவிட்டது. மருந்தைச் சிதைக்கும் நொதிகள் கூடிவிட்டன. சில வகைகளில் மேல்தோல்கூடத் தடித்துவிட்டது. இந்தக் கடைசி விஷயத்தை 2016இல் சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

## நல்ல ஓட்டல் என்றால் பயமில்லையா?

மூட்டைப்பூச்சி தின்பது அழுக்கை அல்ல. ரத்தத்தை. அதற்கு மலிவு விடுதி ரத்தமும் ஒன்றுதான், நட்சத்திர ஓட்டல் ரத்தமும் ஒன்றுதான். பூச்சி எத்தனை முறை உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பது அறைக்குள் எத்தனை பெட்டிகள் வந்து போகின்றன என்பது. வாரத்துக்கு நான்கு விருந்தினர் மாறும் அறை, அது எந்தத் தரமாக இருந்தாலும், நான்கு முறை சீட்டுக் குலுக்குகிறது.

தரம் வித்தியாசம் காட்டுவது அதற்குப் பிறகு. விரிப்பு மாற்றும் ஊழியருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்திருக்கிறார்களா? ஒரு புள்ளி தென்பட்டதும் அறையைப் பூட்டுகிறார்களா, விரிப்பை இழுத்து மூடுகிறார்களா? நிர்வாகம் மூடி மறைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு.

சிகாகோவில் ஒரு மோட்டல். 1998இல் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்று 500 டாலருக்கு எல்லா அறைகளுக்கும் மருந்தடித்துத் தருகிறேன் என்றது. நிர்வாகம் மறுத்துவிட்டது. பூச்சி பெருகியது. விருந்தினர் புகார் செய்தால் "மூட்டைப்பூச்சி" என்று சொல்லாதீர்கள், "உண்ணி" என்று சொல்லுங்கள் என்று வரவேற்பு ஊழியர்களுக்கு உத்தரவு. மருந்தடிக்கும்வரை வாடகைக்கு விடக்கூடாது என்று குறித்துவைத்திருந்த 504ஆம் எண் அறையையே இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கடிபட்டு வழக்குப் போட்டார்கள். நடுவர் குழு ஆளுக்கு 5,000 டாலர் இழப்பீடும் 1,86,000 டாலர் தண்டத்தொகையும் விதித்தது. கூட்டினால் 1,91,000. மோட்டலில் இருந்த அறைகள் 191. 2003இல் மேல்முறையீட்டில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் இந்தப் பொருத்தத்தைச் சுட்டிக்காட்டியே தீர்ப்பை உறுதிசெய்தார்.

சரி, விருந்தினர் விமர்சனங்களைப் படித்து முடிவு செய்யலாமே? ஓரளவுக்குத்தான். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பயணிகளிடம் சில பூச்சிகளின் படங்களைக் காட்டி மூட்டைப்பூச்சி எது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் தொழில் நிமித்தம் பயணிப்பவர்களில் 35 சதவீதம், உல்லாசப் பயணிகளில் 28 சதவீதம். கரப்பான் குஞ்சையும் கம்பளத்தை அரிக்கும் வண்டின் புழுவையும் பார்த்துவிட்டு மூட்டைப்பூச்சி என்று எழுதியவர்கள் எத்தனை பேரோ. படத்தோடு, சமீபத்திய தேதியில், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருந்தால் கவனியுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒற்றை வரிக்கு அந்த மதிப்பு இல்லை.

## கடித்தால் என்ன ஆகும்?

முதலில் நோய். அன்றாட வாழ்வில் மூட்டைப்பூச்சி மனிதருக்கு ஏதாவது நோயைப் பரப்புகிறது என்பது இதுவரை நிரூபணமாகவில்லை. பல கிருமிகள் அதன் உடலில் காணப்பட்டிருக்கின்றன. கொசுபோல அவற்றை ஆளுக்கு ஆள் கடத்துவதாகத் தெரியவில்லை. அரிப்பு, தடிப்பு, சொறிந்து புண்ணாவது, தூக்கம் கெடுவது, இவைதான் வழக்கமான தொல்லை. முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால் அது கடுமையான ஒவ்வாமை; உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது, கடித் தழும்பை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பது. மூன்று கடி வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குத் தழும்பே வராது. ஒரே கட்டிலில் படுத்த கணவன் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருக்க, மனைவிக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. கடி இருவருக்கும் விழுந்திருக்கும். இன்னொரு சிக்கல், தடிப்பு வர சில நேரம் 14 நாள்வரை ஆகலாம். பத்து நாள் பயணத்தில் மூன்று ஓட்டல் மாறியவர், மூன்றாவது ஓட்டலில் கை தடித்ததும் அங்கே சண்டைக்குப் போவார். குற்றவாளி முதல் ஓட்டலாக இருக்கலாம். அல்லது கொசுவாக இருக்கலாம். பூச்சியோ அதன் தடயமோ கண்ணில் படும்வரை எதுவும் உறுதியில்லை.

## அறைக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம்

செலவில்லாத, உருப்படியான பாதுகாப்பு இதுதான். வேண்டியது செல்போன் டார்ச்சும் ஈரமான ஒரு டிஷ்யூத் தாளும்.

1. பெட்டியை முதலில் குளியலறையில் வையுங்கள். கட்டில் மேல் வேண்டாம், தரைவிரிப்பு மேல் வேண்டாம், சோபாவில் வேண்டாம். வெளிறிய டைல்ஸ் தரையில் ஒளிய இடமில்லை. ஏதாவது நகர்ந்தாலும் தெரியும். சோதித்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

2. தலைமாட்டு மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். விரிப்பையும் அதன் கீழே உள்ள மெத்தை உறையையும் மூலையோடு உருவி மெத்தையை வெறுமையாக்குங்கள். மெத்தையின் ஓரத்தில் கயிறுபோலத் தடித்து ஓடும் தையலைக் கட்டைவிரலால் மெல்லத் திருப்பிக்கொண்டே டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். சாய்த்து அடித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழும்.

3. தேட வேண்டியது பூச்சியை அல்ல, தடயத்தை. பேனா முனையால் குத்தியதுபோன்ற கரும்புள்ளிகள், துணியில் மை ஊறியதுபோல ஓரம் கசிந்து, திட்டுத் திட்டாக. அது செரித்த ரத்தம். ஈரத் தாளால் துடைத்தால் பழுப்பாக, துருவின் நிறத்தில் இழுபடும். வெறும் தூசியோ நூல் முடிச்சோ அப்படி இழுபடாது. பக்கத்திலேயே வெங்காயச் சருகுபோல மெல்லிய, உள்ளே ஒன்றுமில்லாத பூச்சி உருவங்கள் கிடந்தால் அவை உரித்த தோல்.

4. தலைமாட்டுப் பலகையை விட்டுவிடாதீர்கள். பல ஓட்டல்களில் அது சுவரோடு பொருத்தப்பட்டிருக்கும். துப்புரவுப் பணியாளர் தினமும் அதைக் கழற்றப்போவதில்லை. பூச்சிக்கு அதைவிட நிம்மதியான இடம் கிடையாது. கழற்ற வேண்டாம், சுவருக்கும் பலகைக்கும் இடையே டார்ச்சை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடித்துப் பார்த்தால் போதும். கட்டில் சட்டத்தின் திருகு ஓட்டைகள், பக்கத்து மேசை இழுப்பறையின் பின்பக்கம், துணி போர்த்திய நாற்காலியின் தையல் ஆகியவற்றையும் ஒரு பார்வை.

5. பெட்டி வைக்கும் மடக்குத் தாங்கியின் பட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். முந்தைய விருந்தினர்களின் பெட்டிகளெல்லாம் உட்கார்ந்த இடம் அது. சுத்தமாக இருந்தால் சுவரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் தள்ளிப் போட்டு, அதன் மேல் பெட்டியை வையுங்கள்.

நறுமணம் வீசினால் பூச்சி இருக்கும், அறைக்குள் மோந்து பார்த்தே சொல்லிவிடலாம் என்றெல்லாம் சொல்வார்கள். மிகப் பெரிய கூட்டம் இருந்தால்தான் மனித மூக்குக்கு அந்த வாசனை எட்டும். நாய்க்குச் சொல்லிக்கொடுக்கலாம், நமக்கு டார்ச்தான்.

ஒன்றும் தென்படவில்லை என்றால் பூச்சி இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல. கூட்டம் பெரிதாக இல்லை என்று மட்டுமே அர்த்தம். மிச்சமுள்ள சிறு வாய்ப்புக்கு இரண்டு பழக்கங்கள் போதும்: வேண்டியதை எடுத்ததும் பெட்டியின் ஜிப்பை மூடுவது, கழற்றிய துணியை வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் போடுவது.

## பார்த்துவிட்டீர்கள். அப்புறம்?

பூச்சியை நசுக்கி எறிவதற்கு முன்னால் படம் எடுங்கள். முடிந்தால் ஒரு துண்டு செல்லோ டேப்பில் ஒட்டி வையுங்கள். வரவேற்பில் சத்தம் போடுவதைவிட அந்தப் படம் வேகமாக வேலை செய்யும்.

மாற்று அறை கொடுத்தால் பக்கத்து அறையோ நேர் மேல், நேர் கீழ் அறையோ வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவருக்குள் ஓடும் மின்கம்பிக் குழாய், தண்ணீர்க் குழாய்ச் சந்து வழியாகப் பூச்சி போகும் என்பதால் இந்த மூன்று திசைகளும் சந்தேகத்துக்குரியவை. புதிய அறையிலும் அதே பத்து நிமிடச் சோதனை. பொருட்களைப் பழைய அறையிலேயே உதறிப் பார்த்து, பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

ஓட்டல்காரர் "வெளியே ஒரு மணி நேரம் இருங்கள், மருந்தடித்துத் தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இதில் பூச்சியைவிட மருந்து ஆபத்தானது. 2018இல் எகிப்தின் ஹுர்காடாவில் ஓர் ஓட்டலில் மூட்டைப்பூச்சிக்காக ஓர் அறையில் மருந்தடித்தார்கள். அந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஓர் இணைப்புக் கதவு. பக்கத்து அறையில் தங்கியிருந்த பிரிட்டிஷ் தம்பதி மறுநாள் இறந்தார்கள். 2023இல் பிரிட்டனில் நடந்த மரண விசாரணை, சாவுக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு நச்சு என்றது. சில நாடுகளில் அந்த மருந்தில் கலக்கப்படும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். அறையில் காரமான ரசாயன நெடி வந்தாலோ, தலை சுற்றிக் குமட்டினாலோ காரணம் கேட்டு நிற்காமல் முதலில் வெளியே வாருங்கள். பக்கத்து அறைக்கு மருந்தடித்திருக்கிறார்களா என்று வரவேற்பில் கேட்பதும் தப்பில்லை.

## வீட்டுக்கு வந்ததும்: சூடு, குளிர், பிறகு பொறுமை

ஓட்டலில் நான்கு கடி வாங்குவது ஒரு வார அரிப்பு. ஒரு சினைப் பூச்சி வீட்டுக்கு வருவது பல மாத வேலை, நல்ல செலவு. ஆகவே கவனத்தின் பெரும்பங்கு இங்கே போக வேண்டும். பயணிகள் பெரும்பாலும் கவனம் விடுவதும் இங்கேதான்: களைத்துப்போய் வந்து, பெட்டியை நேராகக் கட்டில் மேல் திறப்பது.

பெட்டியை வாசல் பக்கமோ குளியலறையிலோ திறங்கள். உடுத்தியது, உடுத்தாதது எல்லாத் துணியும் நேராகத் துவைக்க. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: சோப்பும் தண்ணீரும் பூச்சியைக் கொல்வதை நம்ப முடியாது, கொல்வது சூடு. வளர்ந்த பூச்சி 48 டிகிரி செல்சியஸில் சுமார் இருபது நிமிடத்தில் சாகும். முட்டை பிடிவாதமானது, அதே 48 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 55 டிகிரிக்கு மேல் இரண்டுமே சில நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, அல்லது ட்ரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவது. துவைக்கக்கூடாத, ஆனால் சூடு தாங்கும் துணியை உலர்ந்தபடியே ட்ரையரில் போடலாம்.

சூடு தாங்காத பொருளுக்குக் குளிர். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால், பையில் கட்டி நான்கு நாள் வைக்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது. பொருளின் நடுப்பகுதி உறைவதற்கே நேரமாகும்.

வெயிலில் போட்டால் சாகாதா என்றால், பாதி உண்மை. வெயிலில் பெட்டியின் மேல்புறம் கொதிக்கும். உள்ளே, நிழல் பக்கத்துத் தையலில், அவ்வளவு சூடு ஏறாது. சூடு மெல்ல ஏறும்போது பூச்சி சும்மா இருக்காது, குளிர்ந்த பக்கமாக நகர்ந்துவிடும். வெயில் கூடுதல் உதவி. அதை மட்டும் நம்ப முடியாது. காலிப் பெட்டியின் தையல், சக்கரக் குழி, கைப்பிடிப் பள்ளம் எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரின் ஒல்லி முனையால் உறிஞ்சிவிட்டு, அந்தத் தூசிப் பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.

ஸ்பிரே அடிப்பதில் பலன் குறைவு என்று மேலே பார்த்தோம். அறை முழுதும் புகை கக்கும் டப்பாக்களும் அப்படியே: 2012இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, இடுக்கில் இருந்த பூச்சிகளை அவை ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. புகை இடுக்குக்குள் போவதில்லை. பூச்சியோ இடுக்கைவிட்டு வருவதில்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் ஊற்றும் யோசனையைக் கேட்கவே வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். பூச்சியைக் கொல்ல ஸ்பிரிட் தெளித்து வீடே தீப்பிடித்த சம்பவங்கள் அமெரிக்காவில் உண்மையிலேயே நடந்திருக்கின்றன.

கடைசியாக, எவ்வளவு நாள் கண்காணிப்பது? ஒரு பெண் பூச்சி வந்திருந்தால் முதல் மாதத்தில் கண்ணுக்குப் படும்படி எதுவும் இருக்காது. இரண்டாம் தலைமுறை தலையெடுக்கும்போதுதான் தையலில் புள்ளிகள் சேரும். அதனால் பயணம் முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்கு, விரிப்பு மாற்றும் நாளில் மட்டும், தலைமாட்டு மூலைத் தையலை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். தினமும் வேண்டாம், தினமும் பார்த்தால் நூல் பிசிறெல்லாம் பூச்சியாகத் தெரியும். சந்தேகப்படும்படி ஏதாவது கிடைத்தால் நசுக்காமல் டேப்பில் ஒட்டி, பூச்சி அடையாளம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நசுங்கிய பூச்சியை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.